எட்டெழுத்து அண்ணனும் என் முதுகில் ஏறிய கோகிலாவும்

தர்மபுரி ஜில்லாவிலேயே, ஊரில் இருப்பவர்களின் பேர் நீளமாக இருப்பதைத் தனக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்ட ஒரே மனிதர் எங்கள் எட்டெழுத்து அண்ணன்தான். அவருடைய சொந்தப் பேர் என்ன என்று மட்டும் கேட்காதீர்கள். அஞ்சு வருஷம் ஒரே கடையில் வேலை பார்த்த எனக்கே தெரியாது. ரேஷன் கார்டில் இருக்கும், போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்தது எங்கள் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கடை. கல்யாண பிளவுஸ் முதுகில் மயில், பல்லக்கு, பொண்ணு மாப்பிள்ளை பேர் எல்லாம் நூலில் போட்டுத் தருவோம். கவுன்ட்டரில் நான், உள்ளே மிஷினில் அண்ணன், இரண்டு பேரையும் மேய்க்க ஓனர் ராஜேஸ்வரி அக்கா. மிஷின் திருப்பூரில் யாரோ தலைமுழுகிய பழைய சரக்கு. தையலில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதற்கு ஒரு பிடிவாதம் உண்டு. பென் டிரைவில் போட்டுக் கொடுக்கிற டிசைன் ஃபைலின் பேர் எட்டு இங்கிலீஷ் எழுத்துக்குள் இருக்க வேண்டும். தாண்டினால் முதல் ஆறு எழுத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டி எறிந்துவிட்டு, வாலில் ஒரு நம்பரை ஒட்டிக்கொள்ளும்.

நம் ஜனம் எட்டு எழுத்தில் அடங்குகிற ஜனமா? சேலத்து டிசைனர் வாட்சப்பில் அனுப்பும்போதே 'கல்யாண பிளவுஸ் பின்கழுத்து மயில் பைனல்' என்று பேர் வைப்பார். பொண்ணு வீட்டில் திருத்தம் சொன்னால் 'பைனல் நிஜமான பைனல்'. அதிலும் திருத்தம் வந்தால் 'பைனல் இதுக்கு மேல என்னால ஆவாது'. மிஷினுக்கு இது எல்லாமே 'கல்யாண'தான்.

அண்ணன் வருவதற்கு முந்தின ஆடியில் ஒரு கூத்து நடந்தது. மாதா கோயில் திருவிழாவுக்கு ஒரு பீடத்து விரிப்பு, மாரியம்மன் திருவிழாவுக்கு ஒரு திரைச்சீலை, இரண்டும் ஒரே வாரத்தில் ஆர்டர். இரண்டு ஃபைலும் 'திருவிழா' என்றுதான் ஆரம்பித்தன. அக்கா குத்துமதிப்பாக அழுத்தினார். பாதர் வந்து விரித்துப் பார்த்தால் வேப்பிலையும் சூலமும் ஜொலிக்கின்றன. தங்கமான மனுஷர். வேலைப்பாடு நன்றாக இருக்கிறது, ஆனால் எங்களுடையது இல்லை என்று சொல்லி மடித்துக் கொடுத்தார். பூசாரிதான் கில்லாடி. திராட்சையும் கோதுமைக் கதிரும் விளைச்சல் சாமான்தானே, அம்மனுக்கு ஆகாதா என்று வாங்கிக்கொண்டு போயே விட்டார்.

அதற்கப்புறம்தான் ஏரியூர்ப் பக்கத்தில் இருந்து அண்ணன் வந்து சேர்ந்தார். கணக்கில் டிகிரி. முதல் நாள் முழுக்க மிஷின் பேரை வெட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் டிபன் பாக்ஸைக்கூடத் திறக்கவில்லை. மறுநாள் ஒரு நீள நோட்டோடு வந்து புதுச் சட்டம் போட்டார். முதல் நாலு எழுத்து அது என்ன சாமான் என்று சொல்லும். கடைசி நாலு இடம் நம்பர். அந்த நம்பர் சும்மா வராது. ஃபைலின் முழுப் பேரில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண். அதை அந்த எழுத்து நிற்கிற இடத்தால் பெருக்க வேண்டும், எல்லாவற்றையும் கூட்ட வேண்டும், கூட்டியதை ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றால் வகுக்க வேண்டும். மிச்சம் நிற்கிறதே, அதுதான் நம்பர்.

அக்காவுக்குத் தலை சுற்றிவிட்டது. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று வரிசையாகப் போட்டால் போதாதா என்று கேட்டார். அண்ணன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். வரிசை நம்பர் என்றால் அதே டிசைன் அடுத்த வருஷம் வந்தால் புது நம்பர் விழும். இதில் அதே பேர் எப்போது வந்தாலும் அதே நம்பர் தானாக வரும், தேடவே வேண்டாம் என்றார். சரி, நம்பரை வைத்துப் பேரைக் கண்டுபிடிக்க முடியுமா என்று நான் கேட்டேன்.

"கறிக்கொழம்புல இருந்து ஆட்ட எழுப்பி நிறுத்த முடியுமா? முடியாதில்ல? அப்படித்தான் இதுவும்" என்றார்.

இரண்டு பேருக்கு ஒரே நம்பர் வந்து தொலைத்தால் என்ன செய்வது என்று அக்கா விடாமல் கேட்டார். அதற்கும் பதில் வைத்திருந்தார். கிட்டத்தட்டப் பத்தாயிரம் ரூம் இருக்கிற லாட்ஜில் இரண்டு பேர் போய் ஒரே ரூம் கதவைத் தட்டுவார்களா என்பதுதான் அந்தப் பதில். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நானும் தலையை ஆட்டிவைத்தேன். என் தலையெழுத்து.

சும்மா சொல்லக்கூடாது, அதற்கப்புறம் ஒரு துணிகூட மாறவில்லை. எல்லாம் கம்ப்யூட்டரே செய்கிற கணக்குதான். ஆனால் அண்ணன் அதை நம்பாமல் விரலை மடக்கி ஒரு தரம் வாயாலேயும் போட்டுப் பார்ப்பார். இந்தப் பழக்கம் கடையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. டீக்கடைக்காரர், கண்டக்டர், தக்காளி லோடு இறக்குகிறவர் என்று ஒரு ஆளையும் விடவில்லை. பேரைக் கேட்டதும் உதடு முணுமுணுக்கும், கண் மேலே போகும், நம்பர் வரும். ஊரில் இவரை நியூமராலஜி ஜோசியர் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். தட்டில் பழம் வைத்துக்கொண்டு ஒரு அம்மா வந்துவிட்டார், மகன் பேருக்கு நம்பர் கேட்டு. அண்ணன் போட்டுப் பார்த்து ஏழாயிரத்து எழுநூத்து நாப்பது என்றார்.

"நல்லதுங்களா?"

"மிச்சம்ங்க. மிச்சத்துல என்ன நல்லது, என்ன கெட்டது?"

அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். இவ்வளவு பெரிய ஞானத்தை எந்த ஜோசியரும் சொன்னதில்லையாம்.

போனிலும் இதே கதைதான். ஒருத்தர் பேரும் முழுசாக இருக்காது, எல்லாம் எட்டே எழுத்து. யார் கூப்பிடுகிறார்கள் என்று அவருக்கே தெரியாததால், கலெக்டருக்குக் கொடுக்கிற மரியாதையை கேஸ் சிலிண்டர் போடுகிறவருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் அண்ணி அவர் போனை எடுத்துத் தன் பேரைத் தேடியிருக்கிறார். இங்கிலீஷில் 'வைஃப்' என்று நாலு எழுத்து, பக்கத்தில் 2206. அண்ணி துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். சமாதானத்துக்குப் போன அக்காவிடம் அவர் கேட்டது ஒரே கேள்விதான். "அப்போ மத்த ரெண்டாயிரத்து இருநூத்தஞ்சு பேரும் யாருங்க?" அண்ணன் அங்கேயே உட்கார்ந்து பெருக்கி, கூட்டி, வகுத்துக் காட்டிய பிறகுதான் அண்ணி வண்டி ஏறினார்.

இப்படிப்பட்டவர் கையில்தான் என் கல்யாண பிளவுஸ் போய்ச் சேர்ந்தது.

மாப்பிள்ளை கடத்தூர். பேர் சரவணன். பட்டுப் புடவையோடு வருகிற துணியிலேயே பிளவுஸ், முதுகில் இரண்டு மயில், நடுவில் இங்கிலீஷில் வளைச்சு வளைச்சு 'மஞ்சுளா சரவணன்'. ஃபைலுக்கு நானே நீளமாக ஒரு பேர் வைத்தேன். அண்ணன் கணக்குப் போட்டார். பிளவுஸ் 3186. துணியில் அந்த நம்பர் எழுதிய சீட்டைக் குத்திவிட்டு நான் லீவு போட்டுப் போய்விட்டேன். மறுநாள் பாலக்கோட்டில் இருந்து கோகிலா என்று ஒரு பொண்ணு. மாப்பிள்ளை குமரேசன். அதே இரண்டு மயில். அவள் ஃபைலுக்கும் கணக்குப் போட்டால் 3186.

பென் டிரைவில் ஏற்றும்போது கம்ப்யூட்டர் கேட்டிருக்கிறது, இதே பேரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதை எடுத்துவிட்டு இதை வைக்கட்டுமா என்று. வேறு யாராக இருந்தாலும் ஒரு நிமிஷம் நின்று யோசித்திருப்பார்கள். அண்ணனுக்கு அதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. அதே நம்பர் என்றால் அதே ஃபைல், தெரியாமல் இரண்டு தரம் ஏற்றுகிறோம், அவ்வளவுதான். சரி என்று அழுத்திவிட்டார். என் ஃபைல் போனது, கோகிலா வந்து உட்கார்ந்தாள். அவர் மிஷின் முன்னால் நம்பரைத்தான் பார்ப்பார், டிசைனைப் பார்க்க மாட்டார். தைத்த துணி மடிப்புக் கலையாமல் டெய்லருக்குப் போனது. பிளவுஸ் வந்ததும் நான் கை இறக்கம் சரியா என்று மட்டும் போட்டுப் பார்த்தேன். தன் முதுகைத் தானே படிக்கிற பொண்ணு எந்த ஊரில் இருக்கிறாள்?

கல்யாணத்தன்று காலையில் மண்டபத்தில், எனக்குப் பின்னால் நின்று கொண்டை போட்டுக்கொண்டிருந்த மேக்கப் பொண்ணு கையை நிறுத்தினாள். "அக்கா, உங்க பேரு மஞ்சுளாதானுங்களே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "மாப்ள பேரு சரவணனுங்களே?" என்றாள். அதற்கும் ஆமாம் என்றேன். அவள் செல்போனில் என் முதுகைப் படம் எடுத்துக் காட்டினாள்.

இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் தாலி. முதுகில் எவனோ குமரேசன். வெளியே மாப்பிள்ளை வீட்டார் மூன்று வேன் நிறைய வந்து இறங்கியிருக்கிறார்கள். என் மாமியாரோ பத்திரிகையில் கமா விட்டுப்போனதற்கே பிரஸ்ஸுக்குப் போய் நியாயம் கேட்டவர். இதைப் பார்த்தால் கல்யாணம் நடக்குமா? வேறு பட்டுத் துணியும் கிடையாது. அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சாப்பாட்டுப் பந்தியில் இருந்து அண்ணனை இழுத்து வந்தார்கள்.

பிளவுஸைக் கழற்றி, கதவு இடுக்கு வழியாக அவரிடம் நீட்டினேன். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தீர்களா? அங்கேயே நின்று இரண்டு ஃபைல் பேரையும் முதலில் இருந்து கணக்குப் போட்டார். இரண்டு தரமும் 3186. அந்த முகத்தைக் கதவு இடுக்கில் பார்த்தேன். அவர் கட்டிய பத்தாயிரம் ரூம் லாட்ஜும் அவர் கண் முன்னாலேயே இடிந்து விழுந்துகொண்டிருந்தது. கோபம் வர வேண்டிய எனக்கு அழுகை வந்தது.

பையில் எப்போதும் தையல் பிரிக்கிற ஊசி வைத்திருப்பார். கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தார். நெருக்கமான தையல், அவசரப்பட்டால் பட்டு கிழிந்துவிடும். ஒரு மணி நேரத்தில் ஒரு பேரைத்தான் எடுக்க முடியும், எதை எடுக்கட்டும் என்று உள்ளே குரல் கொடுத்தார். கோகிலா இருப்பது மோசமா, குமரேசன் இருப்பது மோசமா என்று நான் குழம்பிக்கொண்டிருக்கும்போது அவரே முடிவு சொல்லிவிட்டார். "குமரேசன எடுத்துடறேன் மஞ்சு. பொண்ணு யாரா வேணா இருக்கலாம். மாப்ள மாறக் கூடாது."

மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருத்தர் போகிற போக்கில் என்ன செய்கிறீர்கள் என்று விசாரித்தார். அண்ணன் தலையைத் தூக்காமல், வகுத்தலில் ஒரு தப்பு, சரி பண்ணிக்கொண்டிருக்கிறேன் என்றாராம். கடைசி நூலை உருவும்போது அவர் விரலெல்லாம் ரத்தப் பொட்டு. துணியில் ஒரு சொட்டு படவில்லை. மேளம் கொட்ட, நான் முதுகில் கோகிலாவைச் சுமந்துகொண்டு, பக்கத்தில் வெறும் ஊசிப் பொத்தல்களோடு மணவறை ஏறினேன்.

தாலி ஏறிய அடுத்த நிமிஷம் மாமியார் பின்னால் வந்து நின்று படித்துவிட்டார். யார் கோகிலா என்றார். என் அம்மா, வாழ்க்கையில் ஒரு பொய் சொல்லி அறியாத என் அம்மா, கண் கலங்கச் சொன்னார்:

"எங்க வூட்டுக் கன்னி தெய்வம்ங்க சம்மந்தி. சின்ன வயசுல போயிட்ட எங்க அக்கா. பொண்ணுக்குத் தொணையா இருக்கட்டும்னு பேரப் போட்டோம்."

மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டு என் முதுகைக் கும்பிட்டார். பின்னாலேயே மூன்று வேன் ஜனமும் வரிசையில் நின்று கும்பிட்டது. மூன்றாம் நாள் மறுவீட்டுக்குப் போகிற பஸ்ஸில் உண்மையை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். தர்மபுரி வரைக்கும் சிரித்தார். ஆனால் அவர் அம்மாவிடம் சொல்கிற தைரியம் அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. இதைப் படிக்கிறவர்கள் யாராவது கடத்தூர்ப் பக்கம் இருந்தால் தயவுசெய்து வாயை மூடிக்கொள்ளுங்கள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஆடிக்கும் மாமியார் கோகிலா தெய்வத்துக்குப் பட்டுப் பாவாடை எடுத்துப் படைக்கிறார். பாவாடையில் பேர் போட எங்கே கொடுப்பார்? மாரண்டஹள்ளிக்குத்தான். அண்ணன் முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல் வாங்கி, பயபக்தியாகத் தைத்துக் கொடுப்பார். நிஜக் கோகிலா பாலக்கோட்டில் குமரேசனோடு சௌக்கியமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். தனக்குப் பாவாடை படைக்கிறார்கள் என்று அவளுக்கு இன்னும் தெரியாது.

போன வருஷம் எனக்குப் பொண்ணு பிறந்தாள். தெய்வத்தின் அருள் என்று மாமியார் அவளுக்கு கோகிலா என்றே பேர் வைத்துவிட்டார். பேர் வைக்கிற விசேஷத்துக்கு அண்ணனும் அண்ணியும் கடத்தூருக்கு வந்தார்கள். குழந்தையை அவர் மடியில் வைத்தேன். பேரைச் சொன்னேன். வழக்கம் போல உதடு முணுமுணுத்தது, கண் மேலே போனது. பாதியில் நின்றுவிட்டது.

"என்னண்ணா, எவ்வளவு வருது?" என்றேன்.

அவர் குழந்தையின் விரலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "வேணாம் மஞ்சு. இவளொருத்தி முழுசாவே இருக்கட்டும்" என்றார்.

அந்த மனுஷனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டம் அழ வேண்டும் போல் இருந்தது. மாமியார் பக்கத்திலேயே நின்றதால், அண்ணன் தட்டில் இன்னொரு கை மிக்சர் அள்ளி வைத்தேன்.