மண்ணெண்ணெய் டின்னில் முளைத்த பீன்ஸ்

பேய் பிசாசெல்லாம் கிடையாது என்று முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள் நான். பீன்ஸ் செடியைப் பார்த்து அலறிக்கொண்டு ஓடியவளும் நானேதான்.

எழுபதுகளின் கடைசி. மலேசியாவில், கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளியில் தற்காலிக டீச்சராக இருந்தேன். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துத் திருப்தியானால்தான் வேலை நிரந்தரம். அவரை அசத்திவிடலாம் என்று ஆறு பால் டின்களில் பீன்ஸ் விதை போட்டேன். ஒன்றுக்குத் தண்ணீர், மற்றவற்றுக்குப் பால், தேயிலைச் சாயம், உப்புத் தண்ணீர், மண்ணெண்ணெய். ஆறாவதற்கு ஒன்றுமே இல்லை. ஆர்வம் வரட்டுமென்று ஒவ்வொரு டின்னிலும் ஒரு பிள்ளையின் பேரைச் சிவப்பு மையில் எழுதினேன். (என்ன மூளை பாருங்கள்!)

வகுப்பறைக் குளிரில் விதை அழுகிவிடும். அதனால் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியிடம் கேட்டு, தேயிலை ஃபேக்டரியில் இலை வாடவைக்கும் மாடியில், சூடான குழாய்க்குப் பின்னால் இருட்டு மூலையில் வைத்தேன். ஆள் இல்லாதபோதும் அங்கே யாரோ மூச்சு விடுவதுபோல் கேட்கும். பன்னிரண்டு நாள் அந்தப் பக்கமே நான் போகவில்லை. புத்தகத்தைப் பார்த்து முடிவுகளை முன்கூட்டியே அட்டையில் எழுதிவிட்டேன். உப்பு, மண்ணெண்ணெய் இரண்டிலும் விதை செத்தது, ஒன்றும் ஊற்றாத டின்னில் முளைக்கவில்லை என்று.

வெள்ளிக்கிழமை மதியம் டின்களை எடுக்கப் போனேன். ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்திருந்தது. ஆறு டின்னிலும் செடி! வெள்ளைவெளேரென்று விரல்போல நீண்டு, ஆறும் ஒரே பக்கம் தலையைச் சாய்த்திருந்தன. மண்ணெண்ணெய் டின்னில்தான் உயரம் அதிகம். அந்த டின்னின் நெற்றியில், பேருக்கு மேலே, யாரோ திருநீறு பூசியிருந்தார்கள். கத்திக்கொண்டே ஓடி, வாடிய இலைக் குவியலில் குப்புற விழுந்தேன்.

"கத்தாதீங்க லா, டீச்சரம்மா!"

அங்கே இலை பரப்பும் அஞ்சலை. மண்ணெண்ணெய் டின்னில் பேர் இருந்த சரோஜாவின் அம்மா.

"நாந்தான் செஞ்சேன். எம்புள்ள பேர எழுதி, மண்ணெண்ணெய ஊத்தி, இருட்டுல வச்சிட்டீங்க. அன்னைக்கே அவளுக்குக் காய்ச்சல். வெத செத்தா புள்ளைக்கு என்னா ஆவும்? எல்லாத்தையும் கொட்டிட்டு, புது வெத போட்டு, தெனம் தண்ணி ஊத்துறேன்."

"மத்த டின்னுக்கு ஏன்?"

"அதுங்களும் புள்ளைங்கதான?"

திங்கள்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார். இப்போது கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றினால் அட்டையில் எழுதியதில் ஒன்றாவது உண்மையாகிவிடும். குழாய்க்குப் பின்னால் வைத்திருந்த மண்ணெண்ணெய்ப் பாட்டிலைக்கூட எடுத்துவிட்டேன். அஞ்சலை என் கையையே பார்த்தாள். நான் சிவப்பு மையில் எழுதிய 'சரோஜா'வைப் பார்த்தேன். கை எழும்பவில்லை. பயமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. அட்டையைத்தான் கிழித்தேன்.

"எல்லாமே வளர்ந்திருக்கே, எப்படி?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எல்லாத்துக்கும் தண்ணி ஊத்திட்டாங்க சார்."

"அப்புறம் இதுல என்ன சோதனை?"

வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு வருஷம் ஆனது. சரோஜாவின் காய்ச்சல் என்றைக்கு விட்டது என்று இதுவரை நான் கேட்கவில்லை. கேட்கத் துணிச்சல் இல்லை.

இப்போதும் வீட்டுத் தொட்டியில் ஒரு செடி வாடினால், "அம்மா, இதுல யார் பேர எழுதினீங்க?" என்பாள் என் மகள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே எழுந்துபோய்த் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவேன்.