நாய் என்னைப் பிரிந்து இருக்காது

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. அனேக ஆசீர்வாதம். நீங்களும் என் மகளும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டுகிறேன். என் நலத்தை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளவும்.

என் ஆபரேஷனுக்கு முன்னால், என்னைப் பிரிந்திருக்க நாயைப் பழக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னபடியே அதை நாய் விடுதியில் கொண்டுபோய் விட்டேன். பையைத் தூக்கியதுமே ஊளையிட ஆரம்பித்துவிட்டது. அப்படி ஒரு பையோடுதானே உங்கள் அத்தை ஆஸ்பத்திரிக்குப் போனாள், திரும்பவில்லை. அன்றிலிருந்து இந்த வீட்டில் பை இருக்கும் பக்கமே நானும் நாயும் போவதில்லை. விடுதி அம்மாள், "நீங்க உடுத்துன துணி ஒண்ணு குடுங்க சார், வாசனை இருந்தா அடங்கிடும்" என்றார். ஆயுசு முழுக்கச் சலவைக்கடை நடத்தியவன் அழுக்குத் துணியைக் கூசாமல் ஒருவர் கையில் கொடுப்பேனா? வெளுத்து, கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாத சட்டை ஒன்றைக் கொடுத்தேன். யாரோ பெரிய மனிதர் வந்திருக்கிறார் என்று குரைத்ததாம். பிறகு காலர் மட்டும் மிஞ்சியது. "நான் கேட்டது வேர்வைத் துணி சார்!" என்று அந்தம்மா தலையில் அடித்துக்கொண்டார். மானத்தை விட்டு, தெருவில் போகிறவர்கள் பார்க்க, போட்டிருந்த பனியனைக் கழற்றி வேலிக்கு மேலாக வீசினேன். அதைக் கட்டிக்கொண்டு அழுதது பாருங்கள், பக்கத்துக் கூண்டு நாய்களெல்லாம் துக்கம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டன. சாப்பாட்டைத் தொடவில்லை, கதவைப் பிராண்டி நகமெல்லாம் ரத்தம். தினமும் போய், "அழாதேடா, இங்கேதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். நேற்றும் முந்தாநேற்றும் மழை. போக முடியாத தவிப்பில் இதை எழுதுகிறேன்.

எனக்குக் கத்திக்குப் பயமில்லை. அத்தை வரமாட்டாள் என்று எனக்கு டாக்டர் சொன்னார். நாய்க்கு யாரும் சொல்லவில்லை. நானும் வராமல் போனால் அதற்கு யார் சொல்வது? ஆகவே ஆபரேஷன் வேண்டாம். இந்த இதயம் ஓடுகிற வரைக்கும் ஓடட்டும். டாக்டரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். மகளிடம் மூச்சு விட வேண்டாம்.

எல்லோரும் நோய்நொடியில்லாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டும்போது விடுதி அம்மாள் போன் செய்தார். "தப்பா நெனைக்காதீங்க சார். நீங்க வராத ரெண்டு நாளா நல்லா சாப்பிடுது, பக்கத்து நாயோட ஓடி விளையாடுது. நீங்க வந்து வந்து நின்னதுதான் அதுக்குக் கஷ்டம். தயவுசெஞ்சு இனிமே வராதீங்க." ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிடுங்கள், மாப்பிள்ளை. எனக்கு வேறு சாக்கு இல்லை. பயமாக இருக்கிறது. மகளை உடனே கிளம்பி வரச் சொல்லுங்கள்.