அவருக்கும் ஒரு பொதி

கொழிஞ்சாம்பாறைக் கோயிலில், ஞாயிற்றுக்கிழமைப் பூசையின் நடுவே காணிக்கைப் பை எங்கள் பெஞ்சுக்கு வந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு கொடுப்பது கடவுளுக்குப் பிடிக்காது, மனசு மலர்ந்து கொடுங்கள் என்று ஃபாதர் அப்போதுதான் பிரசங்கத்தை முடித்திருந்தார். பக்கத்தில் அப்பா, ஊசி போட வருகிற நர்ஸைப் பார்ப்பதுபோல அந்தப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆகா, நம் பங்குச் சனங்களின் கோளாறு முகத்தில்தான் இருக்கிறது என்று எனக்குப் பளிச்சென்றது. (படித்துவிட்டு வேலையில்லாமல் இருப்பவனுக்கு இப்படி அடிக்கடி பளிச்சிடும்.)

அடுத்த ஞாயிறு, பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குப் பொதிச்சோறு கொண்டுபோவது எங்கள் இளைஞர் குழுவின் முறை. வீட்டுக்கு வீடு வாழையிலையில் சோறும் பொரியலும் முட்டையும் கட்டித் தருவார்கள். நோயாளிகளுக்குத் துணையாக இருப்பவர்களுக்கு நாங்கள் கொடுக்க வேண்டும். வாரம் முழுக்கக் கண்ணாடி முன் நின்று சிரித்துப் பழகினேன்.

"ஏன்டா ஜோயலு, கடவாப்பல்லு வலிக்குதா?" என்றாள் அம்மா.

ஆஸ்பத்திரியில் வார்டு வார்டாகச் சிரித்தேன். காய்ச்சல்காரர்களைப் பார்த்தும் சிரித்தேன், கட்டுப்போட்ட கால்களைப் பார்த்தும் சிரித்தேன். ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. கடைசியில் இரண்டு பொதி மிச்சம். கட்டடத்தின் பின்புறம், ஒரு மூடிய கதவுக்குப் பக்கத்து பெஞ்சில் ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். வேட்டியெல்லாம் செம்மண்.

"ஏனுங்ணா, சந்தோசமாச் சாப்புடுங்க!" என்று முப்பத்திரண்டு பல்லையும் காட்டி நீட்டினேன்.

"வேண்டாமுங் தம்பி."

"கூச்சப்படாதீங்ணா. உள்ளார இருக்கறது யாருங்க?"

"எம்பட கூடப் பொறந்தவனுங்க."

"அப்பறமென்னங்க, அவருக்கும் ஒண்ணு வாங்கிக்குங்க!"

அவர் கதவுக்கு மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். பிணவறை என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது. மூன்றும் எனக்கு வாசிக்க வரும்.

அதைவிடக் கொடுமை, ஒரு வாரம் பழக்கிய சிரிப்பு முகத்தைவிட்டு இறங்க மாட்டேன் என்றது.

"தேங்கா போடப் போனவன், மரத்துல இருந்து உழுந்துட்டானுங்க" என்றார் அவர், என் பல்லைப் பார்த்தபடி. "சோறு கெடக்கட்டுமுங்க. பத்து நிமிசம் இங்க உக்காருவீங்களா? காத்தால இருந்து ஒண்ணுக்குக்கூடப் போகலீங்க. ஒடம்பக் குடுக்கறதுக்குப் பேர் கூப்புடறப்ப ஆள் இல்லீன்னா அடுத்த ஆளுக்குப் போயிருவாங்களாமா. பொழுது சாஞ்சா நாளைக்குத்தானாமா. அம்மா அவன் மொகம் பாக்கோணும்னு ஊட்டுல காத்துட்டிருக்குது."

அந்நேரம் பார்த்துக் குழுத் தலைவி ஸ்டெல்லா அக்காவின் ஃபோன். "எங்கடா தொலஞ்சே? ஃபோட்டோ எடுத்தாச்சு, வேன் கெளம்புது!"

மனசு மலரவில்லை. எரிச்சல்தான் வந்தது. உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

அவர் அந்தப் பக்கம் போனதும் கதவு திறந்தது. ஊழியர் பேரைக் கூப்பிட்டு, "ஆளுண்டோ?" என்றார்.

"உண்டு, உண்டு!" என்று எழுந்தேன். "அண்ணன் இப்ப வந்துருவாருங்க."

ஊழியர் அடுத்த பேருக்கு வாயைத் திறந்தார். நான் கதவிடுக்கில் காலை வைத்துக்கொண்டேன்.

"எந்தினா சிரிக்குந்நது?" எதற்குச் சிரிப்பு என்று அதட்டினார்.

அப்போதுதான் அந்தச் சிரிப்பு இறங்கியது. அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊழியர் அடுத்த பேரைக் கூப்பிடவில்லை. ஈரக் கையோடு அண்ணன் ஓடிவந்தார். தூக்க வேறு ஆளில்லை, ஆம்புலன்ஸ் வரைக்கும் ஒரு பக்கம் நான் பிடித்தேன். ஒரு மனிதன் அவ்வளவு கனப்பான் என்று எனக்குத் தெரியாது.

ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தும்முன் அவர் கை நீட்டினார். "அந்த ரெண்டையும் குடுங்க தம்பி. அம்மா நேத்துல இருந்து பட்டினி."

கொடுத்தேன். என் முகம் அப்போது எப்படி இருந்தது என்று தெரியாது.

பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு வந்து சொன்னபோது அம்மா அழுதாள். தங்கை அடக்கிப் பார்த்து, முடியாமல் சிரித்துத் தொலைத்தாள். இன்றைக்கும் சாப்பாட்டு நேரத்தில் யாராவது வரத் தாமதமானால், காலித் தட்டைக் காட்டி, "அவருக்கும் ஒண்ணு வாங்கிக்குங்க!" என்கிறாள். காணிக்கைப் பை வந்தால் அப்பா முதலில் என் வாயைத்தான் பார்க்கிறார்.

இந்த ஞாயிறு மறுபடி எங்கள் முறை. பொதி தூக்க வேறு ஆள் பாருங்கள் என்று ஸ்டெல்லா அக்காவிடம் சொல்லிவிட்டேன். நான் கையை வீசிக்கொண்டு போய், பின்புறத்து பெஞ்சில் உட்காரப் போகிறேன். அங்கே யாருக்காவது ஒண்ணுக்குப் போக வேண்டியிருக்கும்.