மூன்றாம் இடத்தில் சாய்வு

வளைகோடு காகிதத்தைத் தாண்டிப் போய்விட்டது. தையல்காரர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, அது போன திசையையே பார்த்தபடி நின்றார்.

வீட்டுப்பாடம் சின்னதுதான். இரண்டின் அடுக்கு எக்ஸுக்கு வரைபடம் போட வேண்டும், மைனஸ் நாலிலிருந்து நாலு வரை. பிறகு மூன்றாம் இடத்தில் கோட்டைத் தொடுகிற மாதிரி ஸ்கேலை வைத்து, அங்கே சாய்வு எவ்வளவு என்று உத்தேசமாகச் சொல்ல வேண்டும். "அளவு உங்க இஷ்டம்" என்று கணக்கு டீச்சர் சொல்லியிருந்தார். மற்றவர்கள் அலகுக்கு ஒரு கட்டம் எடுத்துக்கொண்டார்கள். தையல்காரருக்கு எதையும் சுருக்கி வரைந்து பழக்கமில்லை. உடம்பு எவ்வளவோ அவ்வளவு துணி. அலகுக்கு நாலு விரற்கடை என்று எடுத்துவிட்டார்.

இந்த வயதில் எதற்குக் கால்குலஸ்? டீச்சர் ஒருநாள் சட்டைக் கையில் சாக்பீஸ் தூளோடு கடைக்கு வந்தார். இவர் கையிலும் சாக்பீஸ் தூள். அவ்வளவுதான், மனுஷன் காலி. மறுநாளே மாலை வகுப்பில் சேர்ந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அன்றிலிருந்து தலையாட்டியதைத் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. நாளைக்கு ஒவ்வொருவராக எழுந்து விடை சொல்ல வேண்டும். டீச்சர் காதில் விழப்போகும் அவருடைய முதல் பேச்சு அது. அதில் சொதப்பினால் பிறகு அந்தப் பக்கமே தலைகாட்ட முடியாது.

செய்தித்தாளை ஒட்டி நீட்டினார். ஒட்டிய இடத்தில் பசை உப்பி, வளைகோடு தொப்பை போட்டது. மேஜைப் பலகையிலேயே சாக்பீஸால் வரைந்தார். குனிந்து பார்த்தபோது பாதியை அவர் சட்டையே துடைத்துவிட்டது.

அலமாரியில் யாரோ கொடுத்த நீலத் துணி இருந்தது. சாயங்கால வானத்தை மடித்து வைத்தது போல இருந்தது. விரித்து, வரைந்து, அளந்து, தட்டிவிட்டால் போச்சு. யாருக்குத் தெரியப்போகிறது?

துணியில் கோடு சொன்னபடி கேட்டது. இடப்பக்கம் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. பூஜ்யத்தைத் தாண்டியதும் சோம்பல் முறித்தது. மூன்றில் எழுந்து ஓடியது. ஸ்கேலை எடுத்தார். வெயில் ஜன்னல் வழியே நீலத்தின்மேல் படுத்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அப்படியே கண்ணயர்ந்துவிட்டார்.

கனவில் அந்த வளைகோட்டின்மேல் நடந்தார். வெகுதூரம் சமதரை. பிறகு காலடியில் தரை மெல்ல உயர ஆரம்பித்தது. மேலே டீச்சர் நின்று, "பயப்படாம வாங்க, இனிமே எல்லாம் ஏத்தம்தான்" என்றார். எங்கிருந்தோ கரக், கரக் என்று சத்தம் வந்தது.

விழித்தார். அக்கா கையில் கத்தரிக்கோல். இந்தக் கடையில் துணி வெட்டுவது அவள்தான்.

"அய்யோ அக்கா! என்ன பண்ணிட்டே?"

"சாக்பீஸ் கோடு இருந்துச்சு, வெட்டினேன். ரெண்டா மடிச்சு வெட்டியிருக்கேன், ரெண்டு பக்கமும் சரியா வரும்."

"அது வீட்டுப்பாடம்க்கா!"

"துணியில யாராவது வீட்டுப்பாடம் எழுதுவாங்களா? அது யாரு துணி தெரியுமா? உன் டீச்சரோடது. காலையில நீ இல்லாதப்ப குடுத்துட்டுப் போனாங்க. நேர்வெட்டுப் பாவாடை கேட்டாங்க."

தையல்காரர் வெட்டிய துண்டுகளை எடுத்து அளந்து பார்த்தார். இனி நேர்வெட்டுக்குத் துணி போதாது. வேறு வழியில்லாமல் இரண்டு துண்டையும் இணைத்துத் தைத்தார். இடுப்பிலிருந்து ஒடுங்கி இறங்கிய பாவாடை, கீழே வந்ததும் கட்டுக்கடங்காமல் விரிந்தது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் டீச்சர் கேட்டது இது இல்லை.

"நீயே கொண்டு போய்க் குடு. எனக்கு வேலை இருக்கு" என்றாள் அக்கா.

எதிர்த்தெரு மாடியில் டீச்சர் கதவைத் திறந்தார். மேஜையில் நீளமான மர ஸ்கேல் ஒன்று. பக்கத்தில் இரண்டு கப் காபியில் ஆவி பறந்துகொண்டிருந்தது. யாரோ வரப்போகிறார்கள் போலிருக்கிறது. தையல்காரரின் மனம் சுருங்கிப் போனது.

"டீச்சர், ஒரு தப்பு நடந்துபோச்சு..."

டீச்சர் பாவாடையை மேஜைமேல் விரித்து, ஓரத்தை விரலால் தடவினார்.

"இது ரெண்டின் அடுக்கு எக்ஸ்தானே?"

"ஆமாங்க."

"மூணுல சாய்வு எவ்வளவு?"

தையல்காரர் மர ஸ்கேலை ஓரத்தைத் தொடுகிற மாதிரி வைத்தார். ஒன்றுக்கு எத்தனை ஏறுகிறது என்று விரற்கடையால் அளந்தார்.

"அஞ்சரை இருக்கும் டீச்சர்."

"ரொம்ப சரி." டீச்சர் சிரித்தார். "நாளையிலேர்ந்து முன் பெஞ்சுல உக்காருங்க. இப்ப காபியக் குடிங்க, ஆறிடும்."

திரும்பி வரும்போது தெரு முழுக்க ஏற்றமாகவே இருந்தது, அவர் மூச்சு வாங்கவே இல்லை. கடைக்குள் நுழைந்ததும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லவேளைக்கா, நீ தெரியாம வெட்டினே!"

அக்கா ஊசியில் நூல் கோத்தபடியே, தலை நிமிராமல் சொன்னாள்:

"தெரியாமயா? கோட்டைப் பார்த்ததும் டீச்சருக்குப் போன் போட்டேன். 'வெட்டிடுங்கக்கா, அவரே கொண்டுவந்து குடுக்கட்டும்'னு அவங்கதான் சொன்னாங்க."