கேமராவுக்கு ஒரு பொட்டு

தன்னை வேவு பார்ப்பது யாரென்று ஆறுச்சாமி கண்டுபிடித்துவிட்டார். பக்கத்துத் தோப்புக்காரன் இல்லை, பால்காரன் இல்லை. மகள் செல்வப்பிரியா பெங்களூரிலிருந்து கொண்டுவந்து போட்டுவிட்டுப் போன பழைய லேப்டாப்தான். அம்மா நாடகம் பார்க்கட்டும் என்று கொடுத்தது. அதன் நெற்றியில் மிளகு அளவுக்கு ஒரு கண் இருந்தது.

மனுஷன் சும்மா சந்தேகப்படவில்லை. போன மாதம் பக்கத்து டவுன் கொழிஞ்சாம்பாறையில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை இருநூற்றி எண்பது. அன்றைக்கே மனைவி ராமாத்தாள் சட்டம் போட்டுவிட்டாள்.

"அடுத்த மாசம் எறங்கலீன்னா காப்பிய நிறுத்திப்போடுவேனுங்க. காலைல ராகிக் கூழு, சாயங்காலமும் ராகிக் கூழு."

ஐம்பத்தெட்டு வயதில் ஆறுச்சாமி காப்பி குடிக்காமல் இருந்தது மொத்தம் இரண்டு நாள். இரண்டு நாளும் எழவு வீடு. காப்பியை விடுகிற பேச்சே இல்லை. சரி, வாயைக் கட்டலாமே என்றால் மறையூர் வெல்லத்தையும் விட முடியவில்லை. நாலு உண்டை வாங்கி, நிலத்து ஆதாரப் பத்திரங்கள் இருக்கும் தகரப் பெட்டிக்குள் ஒளித்து வைத்தார். ராமாத்தாள் பால் கறக்கக் கட்டுத்தரைக்குப் போனதும் ஒரு கட்டியை உடைத்துத் துண்டு முனையில் முடிந்துகொண்டு தோப்புக்குக் கிளம்புவார். அங்கே தென்னை மரங்களைத் தவிர சாட்சி கிடையாது.

மூன்றாம் நாள் மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே ராமாத்தாள் கேட்டாள். "ஏனுங்க, வெல்லம் தின்னாச் சக்கரை ஏறாதுன்னு ஆரு சொன்னது?"

ஆறுச்சாமி அவசரமாகச் சோற்றைப் பிசைந்தார். "ஆரு தின்னா?"

"நீங்க தின்னீங்கன்னு நான் சொன்னனா? பொதுவாக் கேட்டேனுங்க."

பொதுவாகக் கேட்கிற பெண்பிள்ளை இல்லை ராமாத்தாள். ஆறுச்சாமி யோசித்தார். வெல்லம் எடுக்கும்போது அந்த அறையில் இருந்தது அவர், தகரப் பெட்டி, லேப்டாப். பெட்டி பேசாது.

"ஏ புள்ள, இந்தக் கம்ப்யூட்டரு ஆளப் பாக்குமா?"

ராமாத்தாள் லேப்டாப்பை ஒரு பார்வை பார்த்தாள். "கண்ணு இருக்குதல்லங்க. இருந்தாப் பாக்காம என்ன பண்ணும்?" என்றவள் அதைத் துடைக்கிற சாக்கில் தகரப் பெட்டிப் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

ஆறுச்சாமி மூடி வைத்தார். அவள் திறந்து வைத்தாள். "மூடி வெச்சாச் சூடாயிருங்க" என்றாள்.

கொழிஞ்சாம்பாறையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மலையாளி ஜின்சனுக்கு போன் போட்டார்.

"சேட்டா, செட்டிங்ஸ் எடுக்கணும். பிரைவசின்னு ஒண்ணு உண்டு. அதுக்குள்ள கேமரா. எந்தெந்த ஆப் கேமராவைப் பார்க்கலாம்னு லிஸ்ட் வரும். மேலே ஒரே பட்டன், அதை ஓஃப் ஆக்கினா எல்லாம் நிக்கும்."

"ஒட்டுக்கா வேண்டாம். ஒவ்வொருத்தனாப் பாக்கோணும். உளவு சொன்னது எவன்னு தெரியோணுமல்ல?"

பதினாலு ஆப் இருந்தது. ஆறுச்சாமி போனில் ஒவ்வொன்றின் பெயரையும் வாசித்து, நிறுத்தி வைத்து விசாரித்தார்.

"மழை வருமான்னு சொல்ற ஆப்புங்கிறீங்க. அதுக்கு என்ர மூஞ்சி எதுக்கு? மேல வானத்தப் பாக்கட்டும். அடுத்ததென்ன, சீட்டாட்டமா? சீட்டாடறவனுக்கு ஊட்டுக்குள்ள என்ன சோலி? நிறுத்திப்போட்டேன்."

"சேட்டா, கேமரா ஓடினா பக்கத்துல ஒரு சின்ன லைட் எரியும். எரியுதா?"

"இல்ல."

"அப்போ பயப்படண்டா."

லைட் எரியவில்லை என்றதும் ஆறுச்சாமிக்குப் பயம் கூடித்தான் போனது. திருட்டுத்தனமாகப் பார்க்கிறவன் லைட்டைப் போட்டுக்கொண்டா பார்ப்பான்?

பதினாலையும் அடைத்தாயிற்று. அந்தத் தெம்பில் மறுநாள் கொஞ்சம் பெரிய கட்டியாகவே முடிந்துகொண்டு போனார்.

மத்தியானம் ராமாத்தாள் ரசம் ஊற்றினாள். "இன்னைக்கு அளவு கூடிப்போச்சாட்டம் இருக்குதுங்க."

ஆறுச்சாமிக்கு விளங்கிவிட்டது. பதினைந்தாவதாக ஒரு ஆப் எங்கேயோ பதுங்கியிருக்கிறது. இனி அதைக் கேட்டுப் பயனில்லை, கண்ணையே மூடிவிட வேண்டியதுதான். முகம் பார்க்கும் கண்ணாடி ஓரத்தில் ராமாத்தாள் ஒட்டி வைத்திருந்த பொட்டுகளில் பெரியதாக, அரக்கு நிறத்தில் ஒன்றைப் பிய்த்துக் கேமராவின் மேல் அழுத்தி ஒட்டினார். லேப்டாப் சுமங்கலி மாதிரி உட்கார்ந்திருந்தது. இனி என்ன பார்க்கிறாய் பார்ப்போம் என்று மறுநாள் காலை ஒரு கட்டியை முடிந்தார்.

மத்தியானம் ரசம் வரைக்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆறுச்சாமி நிம்மதியாக மோருக்கு வந்தார்.

"எத்தனை மறைச்சாலும் தெரியறது தெரிஞ்சுபோகுதுங்க" என்றாள் ராமாத்தாள், மோரில் உப்புப் போட்டுக்கொண்டே.

அதோடு அவர் ஆட்டம் முடிந்தது. மிச்ச வெல்லத்தை எருமைக்கு வைத்துவிட்டார். அது ரசித்துத் தின்றதைப் பார்க்க அவருக்கு வயிறு எரிந்தது. அந்த அறைக்குள் போனால் அதற்குப் பிறகு சட்டை போட்டுக்கொண்டுதான் போனார்.

மாதக் கடைசியில் சர்க்கரை நூற்றி அறுபத்தைந்து. ராமாத்தாள் அன்றைக்குக் காப்பியில் பால் கூடவே ஊற்றிக் கொடுத்தாள்.

தீபாவளிக்கு முந்தின நாள் மகள் வந்தாள். பெட்டியை இறக்கக்கூட விடாமல் ஆறுச்சாமி பிடித்துக்கொண்டார்.

"கண்ணு, போறப்ப அந்தக் கம்ப்யூட்டரக் கொண்டுபோயிரு. அந்தக் கேமரா நம்மள மானமாப் பொழைக்க விடாது."

பிரியா பொட்டைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "கேமரா கெட்டுப்போயி ரெண்டு வருசமாச்சுங்கப்பா. அதனாலதான் அம்மாவுக்குக் குடுத்தேன். குடுக்கறப்பவே அம்மாகிட்டச் சொன்னனே."

வாசலில் ராமாத்தாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஆறுச்சாமி மெதுவாகப் போய் நின்றார்.

"அப்பறம் உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவள் அவருடைய துண்டை உதறிக் கொடியில் போட்டாள். "நெதமும் உங்க துண்டத் துவைக்கறது ஆருங்க? முனையில மட்டும் எறும்பு மொய்ச்சுக் கெடந்துச்சு. நீங்க பெருசா முடிஞ்ச அன்னைக்கு எறும்பும் ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் கூட்டிக்கிட்டு வந்துச்சு."

ஆறுச்சாமி கொடியில் கிடந்த துண்டின் முனையைத் தடவிப் பார்த்தார்.

"மொதல்ல அந்தப் பொட்டப் பிச்சுக் கொண்டாங்க," என்றாள் ராமாத்தாள். "தீவாளிச் சீலைக்குன்னு எடுத்து வெச்சதுங்க அது."