செத்தவருக்குப் பன்றிக்கறி கிடையாது

உலகத்தில் வாழத் தெரிந்த ஊர்கள் ஆயிரம் இருக்கலாம். சாகத் தெரிந்த ஊர் ஒன்றே ஒன்றுதான். நார்ஃபோக் சீமையில் சதுப்பு நிலத்தின் ஓரமாக இருந்த வெல்பிரிட்ஜ்தான் அது. மற்ற ஊர்க்காரர்கள் காய்ச்சல் வந்தது, போய்ச் சேர்ந்தோம் என்று ஏனோதானோவென்று சாவார்கள். வெல்பிரிட்ஜில் அந்தப் பேச்சே கிடையாது. அங்கே 'நல்மரணச் சபை' என்று ஒன்று இருந்தது. அதற்குத் தலைவர் இருந்தார், விதிகள் இருந்தன, பன்னிரண்டு மெழுகுவர்த்திகள் இருந்தன. தனியாகச் சாவது ஒழுங்கீனம். திடீரென்று சாவது அதைவிட மோசம்; அப்படிச் செத்தவர்களைப் பற்றிச் சபையில் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள்.

கூரை வேய்கிற ஹாமோ இந்தச் சபையில் இருபது வருஷ உறுப்பினர். அறுவடை முடிந்த கையோடு அவருக்குக் கடும் காய்ச்சல் கண்டது. மனிதர் எல்லாவற்றையும் முறைப்படி செய்தார். படுக்கையைச் சுற்றி இருபத்து மூன்று பேர் நின்றார்கள். இடம் கிடைக்காத இரண்டு பேர் ஜன்னலில் தொங்கினார்கள். பங்குச் சாமியார் கண், காது, மூக்கு, வாய் என்று ஒவ்வொன்றாகத் தைலம் தொட்டு, சாகப்போகிறவருக்கான 'அவஸ்தைப் பூசுதல்' கொடுத்தார். தம்முடைய புது ஜோடுகளைப் பக்கத்து வயல்காரன் வாரினுக்குக் கொடுத்துவிடும்படி ஹாமோ சைகை செய்தார். பார்த்தவர்கள் உருகிப்போனார்கள்.

அடுத்து மன்னிப்புக் கேட்கும் கட்டம். சாகப்போகிறவரிடம் எந்தக் குற்றத்தையும் மறைத்து வைக்கக் கூடாது என்பது சபையின் நாலாவது விதி. ஒவ்வொருவராகக் குனிந்து காதோடு காதாகச் சொல்ல வேண்டும்.

முதலில் வாரின் மூக்கை உறிஞ்சிக்கொண்டே குனிந்தான். "அண்ணே, நம்ம ரெண்டு வயலுக்கும் நடுவுல இருக்கிற எல்லைக்கல்ல வருஷத்துக்கு ஒரு சாண் உங்க பக்கமா தள்ளிக்கிட்டே வந்தேன். பத்தொம்பது வருஷமா. மன்னிச்சிடுங்கண்ணே."

அடுத்தவர் சபைத் தலைவர் ரனுல்ஃப். மாவரைக்கும் ஆலை அவருடையது. "ஹாமோ, உன் மாவை அளக்கிற மரக்கா இருக்கே, அதுக்கு அடித்தட்டு ரெண்டு. வெளியில தெரியிறது ஒண்ணு, உள்ள ஒண்ணு."

சாமியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "உன் வாத்தை நரி தூக்கிட்டுப் போகலப்பா. நான்தான். அதுவும் கறி தொடக் கூடாத ஒரு வெள்ளிக்கிழமை."

அந்த வாத்துக்காக ஊரே திரண்டு ஒரு நரியைப் பிடித்து மரத்தில் தொங்கவிட்டிருந்தது. ஹாமோவுக்கு நரியை நினைத்துக் கண் கலங்கியது. ஆனாலும் மன்னித்தார். இருபத்து மூன்று பேரையும் மன்னித்தார். பிறகு, "எல்லாம் மண்ணுதான்டா" என்று கடைசி வார்த்தை சொல்லிக் கண்ணை மூடினார். பதினோரு வருஷத்தில் இவ்வளவு அழகான சாவைப் பார்த்ததில்லை என்று ரனுல்ஃப் அறிவித்தார்.

மறுநாள் காலை ஹாமோ எழுந்து உட்கார்ந்து, "அமிஸ், அந்த விலாங்குக் குழம்பு மிச்சம் இருக்கா?" என்று மனைவியைக் கேட்டார்.

ஊர் அதிர்ந்துபோயிற்று. சபை அவசரமாகக் கூடியது. அவஸ்தைப் பூசுதல் வாங்கியவர் உலகத்தைவிட்டுப் போனவர், அதற்குப் பிறகு அவர் மூச்சு விடுவதெல்லாம் சொந்தப் பொறுப்பில்தான் என்று தீர்மானமாயிற்று. அப்படிப்பட்டவர் ஜோடு போடக் கூடாது, இறைச்சி தொடக் கூடாது, மனைவியோடு ஒரே கட்டிலில் படுக்கக் கூடாது. இதெல்லாம் பாட்டன் காலத்து வழக்கம். யார் பாட்டன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

"தலைவரே, நான் சாகலையே!" என்றார் ஹாமோ.

"அது உன்னோட சொந்த அபிப்பிராயம்."

"இதோ பேசறேனே!"

"செத்தவங்க பேசமாட்டாங்கன்னு எந்த விதியில இருக்கு?"

"சரி, இருக்கட்டும். ஆனா வாரின் அன்னிக்கு அந்தக் கல்லப் பத்தி..."

"செத்தவருக்கு ஏதுய்யா நிலம்? ஏது சாட்சி?" என்று ரனுல்ஃப் மேசையைத் தட்டினார். "அதானே!" என்று இருபத்து மூன்று குரல்கள் எழுந்தன.

நியாயத்துக்குக் குறைவில்லை. இப்படிப் பிழைப்பவர்களைப் பற்றி, சாமியார்களுக்கெல்லாம் தலைவரான ஆயரிடமிருந்து முன்பே வந்திருந்த கடிதத்தையும் படித்தார்கள். பூசுதல் வாங்கிப் பிழைத்தவர் தாராளமாகச் சாப்பிடலாம், ஜோடு போடலாம், மனைவியோடு வாழலாம், மற்றதெல்லாம் மூடத்தனம் என்று ஆயர் எழுதியிருந்தார். சாமியார் அதைத் தம் தாடிக்கு மட்டும் கேட்கும்படி படித்தார்.

"ஆயர் சொல்லுவாரு," என்றான் வாரின், ஹாமோவின் ஜோடுகளை நீட்டி உட்கார்ந்தபடி. "அவரு ஒரு தடவையாச்சும் செத்திருக்காரா?"

கடிதம் மடிக்கப்பட்டது.

நவம்பர் வந்தது. தரை பனியில் விறைத்தது. ஹாமோ வெறுங்காலோடு நடந்தார், அடுப்பங்கரையில் வைக்கோலில் படுத்தார், பட்டாணிக் கஞ்சி குடித்தார். வருஷம் முழுக்க ஓக் விதை பொறுக்கிப் போட்டு அவரே கொழுக்க வைத்த பன்றியைப் புனித மார்ட்டின் திருநாளுக்காக அடித்தார்கள். உரிமையாளர் வாசனை மட்டும் பிடிக்கலாம் என்று சபை பெரிய மனது பண்ணியது. ஹாமோ முணுமுணுக்கவில்லை. விதி விதிதானே என்று நம்புகிற நல்ல உறுப்பினர் அவர்.

அமிஸுக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏங்க, உங்களச் செத்தவர்னு சத்தம் போட்டுச் சொல்றது யாரு யாருன்னு பாத்தீங்களா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

"எல்லாரும் இல்ல. உங்க காதுகிட்ட குனிஞ்சவங்க."

ஹாமோ கரண்டியைக் கீழே வைத்தார். "நான்தான் மன்னிச்சிட்டேனே, அமிஸ்."

"நீங்க மன்னிச்சீங்க. கல்லு அங்கேயேதானே நிக்குது?"

அப்போதுதான் அவருக்கு வலித்தது. காய்ச்சலில்கூட அப்படி வலித்ததில்லை. அழுதுகொண்டே மன்னித்தது அவர். அவர்கள் மன்னிப்புக் கேட்டதோ அவரிடம் இல்லை, விடிந்தால் புதைத்துவிடலாம் என்று நினைத்த ஒரு உடம்பிடம்.

"செத்தவராவே இருங்க," என்றாள் அமிஸ். "ஆனா நம்ம ஊர்ச் செத்தவங்க மாதிரி இருங்க. போன வருஷம் செத்துப்போன பீப்பாய் செய்யறவரு ஆவியா வந்து என் உளி எங்கடான்னு கேட்டாராமே, எடுத்தவன் மறுபேச்சு பேசினானா?"

பேசவில்லை. வெல்பிரிட்ஜில் உயிரோடிருப்பவன் பேச்சை மறுத்து வழக்காடலாம். ஆவியின் பேச்சுக்கு அப்பீல் கிடையாது.

திருநாளன்று நண்பகல். சபை மண்டபத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது. நடுவில் ஹாமோவின் பன்றி, பொன்னிறமாக வறுபட்டு இருந்தது. கதவு திறந்தது. தமக்காக நெய்து வைத்திருந்த பிணத்துணியைப் போர்த்திக்கொண்டு, வெறுங்காலோடு ஹாமோ உள்ளே வந்தார்.

"செத்தவங்க இங்கெல்லாம் வரக் கூடாதுய்யா!" என்று ரனுல்ஃப் எழுந்தார்.

"குறை இருந்தா வருவாங்க, தலைவரே," என்றார் ஹாமோ குரலை இழுத்து. "செத்தவங்க பாவம் கழிக்கிற உத்தரிக்கிற ஸ்தலத்துலேர்ந்து வரேன். இருபத்து மூணு சேதி கொண்டாந்திருக்கேன். முதல் சேதி வாரினப் பத்தி..."

வாரின் பெஞ்சைத் தாண்டிக் குதித்தான். "ஐயோ, அண்ணன் உசுரோடதான் இருக்காரு! மூச்சு விடுறாரு பாருங்க!"

"ரெண்டாவது, ஒரு மரக்கா..."

"கிள்ளிப் பாருங்கய்யா!" என்று அலறிய ரனுல்ஃப் தாமே ஓடிவந்து கிள்ளினார். "கத்துறாரு! ஆவி கத்துமா?"

"மூணாவது, ஒரு வெள்ளிக்கிழமை..."

சாமியார் ஆயரின் கடிதத்தை எடுத்து, மண்டபத்துத் தூண்கள் அதிரும்படி முதலிலிருந்து கடைசிவரை படித்தார்.

வேதத்தில் வருகிற லாசர் செத்து உயிர்த்தெழ நாலு நாள் ஆயிற்று. ஹாமோவுக்கு அரை நாழிகைகூட ஆகவில்லை. கைகள் ஏகமனதாக உயர்ந்தன. வாரின் அங்கேயே ஜோடுகளைக் கழற்றினான். ரனுல்ஃப் தம் கையாலேயே தொடைக்கறியாகப் பார்த்து அறுத்து வைத்தார். மாலைக்குள் எல்லைக்கல் பத்தொன்பது சாண் நகர்ந்து பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அற்புதம்தான் என்று ஊரார் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அன்றைக்கு ஹாமோ தம் கட்டிலிலேயே படுத்தார்.

அடுத்த வசந்தத்தில் அவருக்கு மறுபடியும் காய்ச்சல் கண்டது. பன்னிரண்டு மெழுகுவர்த்திகள் வந்தன. இருபத்து மூன்று பேரும் வந்தார்கள். சபை இதற்குள் நாலாவது விதியைத் திருத்தியிருந்தது. வாரின் ஒரு வாத்திறகை ஹாமோவின் மூக்கருகே பிடித்தான்.

ஹாமோ ஒரு கண்ணைத் திறந்தார். "என்கிட்ட யாராச்சும் ஏதாச்சும் சொல்லணுமாப்பா?"

"சொல்லணும்ணே, நிறைய இருக்கு," என்றான் வாரின், இறகிலிருந்து கண்ணை எடுக்காமல். "முதல்ல இது ஆடாம நிக்கட்டும்."

இறகு ஆடிக்கொண்டே இருந்தது. இருபத்து மூன்று பேரும் வரிசையில் காத்து நின்றார்கள். சாகத் தெரிந்த ஊர் என்று சும்மாவா சொன்னோம்? ஒரு மன்னிப்புக் கேட்பதற்கு அவர்களுக்கு ஒரு பிணம் வேண்டியிருந்தது.