லாக்கி காத்த கண்ணாடி

"இந்தக் குளிர்காலத்தில் என் பிக்கப் வண்டியின் முன்கண்ணாடியில் ஒரு கீறல் விழட்டும், மீசையை எடுத்துவிடுகிறேன்!" என்று சபதம் செய்தான் லாக்கி. மீசை போனால் லாபம்தான் என்பது அவன் மனைவி நோலீனின் கட்சி.

போன வருடம் உறைந்த கண்ணாடியின் தலையில் கொதிக்கிற வெந்நீரைக் கவிழ்த்தவன் அவன். கண்ணாடி 'படார்' என்று பதில் சொல்லிற்று. ஒடாகோ மலைக்குளிரிலேயே பிறந்து வளர்ந்தவன் செய்கிற வேலையா இது? கேட்டால், "கண்ணாடி மட்டமான சரக்கு" என்றான்.

அன்று மாலை போன் வந்தது. அணைத் தண்ணீர் ஆள் தாங்குமளவு உறைந்துவிட்டது. காலையில் அதன்மேல் கல் தள்ளும் ஆட்டம்: ஒருவர் கனத்த கல்லைப் பனிக்கட்டியில் வழுக்கிவிட, மற்றவர்கள் துடைப்பத்தால் அதற்கு வழி தேய்த்துக்கொண்டே ஓடுவார்கள். அணியில் ஓரிடம் காலி, முதலில் வருபவருக்கு.

அப்படி உறைவது சில வருடங்களுக்கு ஒருமுறைதான். ஊரே வேலையைப் போட்டுவிட்டு ஓடும். ஆனால் ஆடுகளுக்குப் புல் போட ஒருவர் இருக்க வேண்டுமே? ஒவ்வொரு தடவையும் அந்த ஒருவர் நோலீன்தான். "உன் கை ராசி அப்படி" என்பான் லாக்கி. ராசியாம்! அவனைவிட நன்றாகக் கல் தள்ளுகிற கை அது, ஊருக்கே தெரியும்.

"இந்தத் தடவை நான் போறேன்."

"அப்ப ஆடு?"

"அதுங்களுக்கு ஆடத் தெரியாது. நீ இருந்து புல்லு போடு."

"கல்லு தள்ள பலம் வேணும் தாயே!"

"ஒன் பலம்தான் போன வருசமே கண்ணாடில தெரிஞ்சுதே."

சுருக்கென்றது அவனுக்கு. "சரி, பந்தயம்! கண்ணாடி உடையாம காலைல யாரு பனிய விலக்குறாங்களோ..."

"அவங்களுக்கு பிக்கப். பேச்சு மாறக் கூடாது."

கைகொடுத்தார்கள். வண்டி யாருக்கோ அவர்தான் அணைக்கு என்பது லாக்கியின் கணக்கு.

லாக்கி உடனே இறங்கினான். வைப்பரைத் தூக்கி நிறுத்தினான். கட்டிலிலிருந்த கம்பளியை உருவிக் கண்ணாடிக்குப் போர்த்தினான். கைக்குழந்தைக்குக்கூட அவன் அப்படிப் போர்த்தியதில்லை. வண்டியின் பின்பக்கம் தொம் தொம்மென்று சத்தம்.

"என்ன பண்ற அங்க?"

"ஒண்ணுமில்ல. நீ ஓரத்த நல்லா கதவுல செருகு. காத்து பூந்துடப் போவுது."

கம்பளி இல்லாத கட்டிலில் ராத்திரி முழுக்கப் பல் தந்தியடிக்கக் கிடந்தான். விடிந்ததும் ஓடிப்போய் உருவினான். கண்ணாடி பளிங்கு!

"ஜெயிச்சுட்டேன்!"

"ஜெயிச்சுட்ட. வண்டி ஒனக்குத்தான்," என்றாள் நோலீன்.

இவ்வளவு சுலபமாக அவள் தோற்று அவன் பார்த்ததே இல்லை. சந்தேகப்பட்டுத் திரும்பினான். பிக்கப்பின் முதுகில் வானம் மறைய காய்ந்த புல்கட்டுகள்.

"இதென்னடி!"

"மலை மேல இருக்கற ஆட்டுக்கு. நம்ம பிக்கப்ப விட்டா வேற எது அங்க ஏறும்? வண்டி யாருதோ அவங்கதான கொண்டு போவணும்?"

வாசலில் ஹாரன். பக்கத்துப் பண்ணை நைரி காரோடு நின்றாள். துடைப்பத்தோடு ஏறி உட்கார்ந்தாள் நோலீன்.

"நோலீன்! அணில அந்த ஒரு எடம்..."

"மொதல்ல வர்றவங்களுக்கு!" கார் நகர்ந்தது. தலையை நீட்டினாள். "கண்ணாடி பிரமாதம் லாக்கி! ஆடெல்லாம் மொகம் பாத்துக்கட்டும்!"